மூக்குக்கு ஒரு வேலை

நான் எழுதிப் பழகியவள் இல்லை. பத்தாவது வரைதான் படிப்பு. நாலு பேர் கூடி நின்றால் வாய் திறக்கவே கூசுகிற ஆள். ஒரு நாயைப் பற்றிச் சொல்ல உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம் புதுச்சேரி உப்பளத்தில், எங்கள் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் தவறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் தெருவில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்து வளர்த்த நாய் ஒன்று வீட்டில் இருந்தது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. அவர் "வாடா" என்றால் வரும். எனக்கும் அதற்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. சோறு வைப்பேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்தால் அவரும் நாயும் கிளம்பிவிடுவார்கள், பெத்தாங் ஆடும் திடலுக்கு. இரும்புக் குண்டை வீசி, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஆட்டம் அது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் எங்கள் ஊரில் அது போகவில்லை.

அவர் போன பிறகும் நாய் மணிச்சத்தம் கேட்டதும் தனியாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. நான் தடுக்கவில்லை. ஒருநாள் திடலுக்குத் திரும்புகிற முனையில் ஒரு கார் அடித்துவிட்டது.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இடுப்பெலும்புல விரிசல்க்கா. ஆபரேஷன் வேணாம், தானா கூடிடும். ஆனா ஒரு மாசத்துக்கு இது எழுந்து நிக்கவே கூடாது. நின்னுச்சுன்னா எலும்பு வெலகிடும். அப்புறம் பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கிட்டுதான் கெடக்கும்."

"அது சும்மா கெடக்காதே டாக்டர்."

"இடுப்புதான் ஒடைஞ்சிருக்கு, மூக்கு நல்லாத்தான் இருக்கு. மூக்குக்கு வேலை குடுங்க. மோந்து மோந்தே களைச்சுப் போயிடும்."

பழைய கட்டில் சட்டத்தைச் சாய்த்து அடுப்பங்கரை ஓரம் ஓர் அடைப்பு செய்தேன். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை, காலை ஷிப்டு. மத்தியானம் வந்ததும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். துண்டை மடித்து மடித்து உள்ளே வேர்க்கடலையை ஒளித்து வைப்பேன். படுத்தபடியே மூக்கால் மடிப்பைப் பிரித்து எடுக்கும். வரும் வழியில் எதையாவது பொறுக்கி வருவேன்: வேப்பங்குச்சி, மீன் சுற்றிய காகிதம், கடற்கரை மணல் ஒரு பிடி. என்னோடு வேலை செய்கிற, பிள்ளைச்சாவடி மீனவக் குப்பத்துக்காரி ஒருத்தி அறுந்த வலைத்துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஒரு மத்தியானம் முழுக்க மோந்துகொண்டிருந்தது.

ஆனால் ஆறு மணிக்கு எதுவும் செல்லாது. மணி அடித்ததும் முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுக்கும். வலியில் ஒரு சத்தம் போடும், மறுபடியும் எழப் பார்க்கும். நான் இரண்டு கையாலும் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். கடலை, கருவாடு எதையும் அது திரும்பிப் பார்க்காது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடியே, அது ஒன் கருவாட்டையா தேடுது? அவரு சட்டை ஏதாவது இருந்தா போடேன்."

பீரோவைத் திறந்து பார்த்தேன். துக்கம் முடிந்ததும் எங்கள் வழக்கப்படி அவர் துணிகளையெல்லாம் துவைத்து, கோயில் மூலமாக இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். தலையணை உறை, போர்வை என்று மிச்சமிருந்ததையும் உறவுப் பெண்கள் சேர்ந்து சோப்புப் போட்டு அலசியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அவர் இருந்த வீட்டில் அவர் வாசனை உள்ள துணி ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவருடைய குண்டுப் பை ஞாபகம் வந்தது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதே இல்லை, திடலை ஒட்டிய டீக்கடையிலேயே வைத்துவிடுவார்.

நாயை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாள் மணி அடிக்கும் முன்பே திடலுக்குப் போனேன். எல்லாம் ஆண்கள். வேலியோரம் நின்றேன்; உள்ளே போகக் கால் வரவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் அங்கே உண்டு. எல்லோரும் அவரை சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். அவர்தான் என்னைப் பார்த்தார்.

"யாரு, நம்மாளு வீட்டம்மாவா? உள்ள வாம்மா. நாய் எப்படியிருக்கு? நாலு நாளா அது வரலன்னு எங்களுக்கு ஆட்டமே ஓடல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் டீக்கடை உள்ளே போய் ஒரு கான்வாஸ் பையோடு வந்தார். மூன்று குண்டு. கூடவே கறுத்துப்போன ஒரு துணி.

"குண்டு தொடைக்கிற துணி. ஒன் வீட்டுக்காரன் குண்டு போட்ட நேரத்தைவிட தொடைச்ச நேரந்தாம்மா ஜாஸ்தி. 'யோவ், பொண்ணு பாக்கவா போற, போடுய்யா'ன்னு கத்துவோம். சிரிச்சுக்கிட்டே இன்னொரு தடவ தொடைப்பான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொல்தா தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். அடைப்புக்குள் துணியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. நாய் தலையைத் தூக்கியது. என் கை தானாகத் தோளுக்குப் போனது. ஆனால் அது எழவில்லை. மூக்கைத் துணிக்குள் நுழைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. மறுபடி ஒன்று. பிறகு துணி மேலேயே தாடையை வைத்துப் படுத்துவிட்டது. மணி நின்ற பிறகும் என் கை அதன் மேலேயே இருந்தது. நானும் குனிந்து மோந்து பார்த்தேன். இரும்பு வாசனை, தேங்காயெண்ணெய், அவர். அவர் போனதிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

எலும்பு கூடிவிட்டது. இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறது. ஆறு மணிக்கு நானே கூட்டிப் போகிறேன். திடலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்போம். "ஒரு குண்டு போட்டுப் பாரும்மா" என்கிறார் சொல்தா. இன்னும் போடவில்லை.

அந்த வீட்டில் துக்கப்பட்டது நான் ஒருத்திதான் என்று இருந்தேன். என் காலடியிலேயே இன்னொரு உயிர் அவரைத் தேடிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு அடங்குவதில்லை.

துணி கிடைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்தது. வீட்டில் இருந்த அழுக்குத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன், அது ஒன்றைத் தவிர.