தானே பறக்கும் டிரோனும் சும்மா நிற்கும் நானும்

வேலையை இயந்திரம் செய்ய, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் தொழில். இப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

நான் எதற்கு?

நைனார்பாளையம் பக்கம் வயல்களுக்கு டிரோனில் மருந்தடிக்கிறேன். நான்கு மூலையையும் குறித்துக் கொடுத்தால் போதும். பாதை போடுவது, மரம் வந்தால் ஒதுங்குவது, ஆள் வந்தால் நிற்பது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். தப்பித்தவறி அது நிற்காவிட்டால் நிறுத்த, ரிமோட்டில் ஒரு பொத்தான். அதன்மேல் என் கட்டைவிரல். முதல் மாதம் அந்த விரல் விறைத்தே கிடந்தது. அப்புறம் அதே விரலால் கொசு விரட்ட ஆரம்பித்தேன்.

ஒரு கரும்புக்காரர் என்னையும் டிரோனையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுவே போய்க்கினு அதுவே வருது. அப்பறம் நீ இன்னாத்துக்கும்மா?"

இடமா, வலமா?

கல்வராயன் மலையில் ஒரு சரிவான மரவள்ளிக் கொல்லை. பட்ட மரம் ஒன்றைக் கண்டதும் எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் டிரோன் அந்தரத்தில் நின்று, 'நீயே ஓட்டிக்கொள்' என்று கத்தியது. பயிற்சியில் நல்ல கை என்று பெயர் வாங்கியவள் நான். ஆனால் எட்டு மாதம் ஓட்டாத கை திணறியது. டிரோன் நம் பக்கம் திரும்பி நின்றால் இடம் வலமாகிவிடும், அதுகூட மறந்துபோயிருந்தது. நான் ஆட்டிய ஆட்டத்தில் அது பக்கத்துச் சாமைக் கொல்லையில் போய் உட்கார்ந்தது. கற்றதெல்லாம் எங்கே போயிற்று? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கொல்லைக்காரர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "உனக்குத் தெரியலன்னா அதையே கேட்டுப் பாரும்மா."

புல்லுக்கட்டு

முழங்கால் உயர மக்காச்சோளம். டிரோன் வரும் வழியில் எங்கள் ஊர் அஞ்சலை அக்கா குறுக்கே வந்தார். தலையில் இருந்த புல்லுக்கட்டு இடுப்புவரை தொங்கி ஆளையே மறைத்திருந்தது. அடியில் ஒரு மனுஷி இருப்பது டிரோனுக்குத் தெரியவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், அது நிற்கட்டும் என்று என் விரல் காத்திருந்தது! அந்த இரண்டு நொடி எனக்குள் என்ன நடந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். கடைசியில் அமுக்கினேன். அது அக்காவின் தலைக்கு மேலே வந்துதான் நின்றது. இறக்கைக் காற்றில் கட்டு பறக்க, அக்கா தலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் மருந்து. நல்லவேளை, அடி படவில்லை.

பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்தவர் திட்டவில்லை. கேட்க மட்டும் செய்தார்: "நான் வர்றத நீ பாத்துக்கினுதானடி நின்ன?"

இப்போதெல்லாம் வரப்பில் ஓணான் ஓடினாலும் நான் அமுக்கிவிடுகிறேன். இயந்திரம்தான் என்னைப் பொறுத்துக்கொண்டு அந்தரத்தில் காத்து நிற்கிறது.