தட்டிப் பார்த்தவர்

புக்கிட் செந்தோசாவில் தம் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்திலேயே யுகுலேலே என்னும் சிறு கித்தார் செய்து விற்பவர் அவர். மெலிந்த உடம்பு. புருவத்தில்கூட மரத்தூள் இருக்கும். எந்த மரத்தைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். சாப்பாட்டுக்கடை மேசையையும் விடமாட்டார். என் மகள் வாசிக்கும் யுகுலேலே அவர் செய்ததுதான்.

அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தார். சவப்பெட்டி அருகே நின்றவர், பழக்கதோஷத்தில் அதையும் இரண்டு தட்டு தட்டிவிட்டார். அழுதுகொண்டிருந்த அத்தைகள் நிமிர்ந்து முறைத்தார்கள். அவர் கூசிப்போய் என் பக்கம் வந்து நின்றார்.

"பெட்டி வித்தவன் முழுப் பலகைன்னா சொன்னான்?"

"ஆமாண்ணே. மெராந்தி மரம்னு சொன்னான்."

"பிளைவுட் லா தம்பி. மேல தாள் ஒட்டியிருக்கான்."

"எரிக்கப் போற பெட்டிதானே, விடுங்கண்ணே."

"எரிக்கப் போறதுன்னு தெரிஞ்சுதான் ஏமாத்துறான்."

பெட்டியைத் தோளில் சுமந்தபோது அப்பா நினைவுக்கே வரவில்லை. பிளைவுட்தான் வந்தது. அந்த நேரத்தில் அந்த உண்மை எனக்கு எதற்கு? இன்றும் அவரை வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். வீட்டில் மகள் வாசிக்கிறாள். அவர் கை வேலை ஒரு பிசிறும் இல்லாமல் ஒலிக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.