நான் பெரிதாக வரைந்த விலங்கு

கல்வராயன் மலைமேல் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் கண்ணை மூடிக்கொள்கிற பயந்தாங்கொள்ளி.

அன்று ஏழாம் வகுப்பில் புதைபடிவம் நடத்தினேன். டைனோசர் காலத்திலேயே மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிப் போன பாலூட்டிகள் இருந்தன, சீனாவில் கிடைத்த கல்லில் எலும்போடு சேர்ந்து, முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே விரிந்த தோலின் தடம்கூடப் பதிந்திருக்கிறது என்றேன். புத்தகத்தில் படம் இல்லை. கடைசி வரிசைக்கும் தெரியட்டுமே என்று கரும்பலகை முழுக்க வரைந்தேன்.

"றெக்கையே இல்லாம எப்பிடி டீச்சர்?" என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்.

"தோலை விரிச்சிக்கினு குதிக்கும். காத்து தாங்கிக்கும்."

வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மதியம் டிபன் பாக்ஸ் கழுவப் பள்ளியின் பின்பக்கம் போனேன். சரிவை ஒட்டிய புளியமரத்தின் உச்சிக் கிளையில் அதே சிறுமி. விடுதிப் போர்வையின் இரண்டு முனைகளை மணிக்கட்டுகளில் கட்டி, மூன்றாவதை வலது கணுக்காலில் முடிந்துவிட்டு, நான்காவதை இழுத்துக்கொண்டிருந்தாள். கீழே வெறும் பாறை.

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ, கத்தாவிட்டால் குதித்துவிடுவாளோ. எப்படியோ குரல் வந்தது.

"குதிக்காதடி! அது அணில் அளவுதான் இருக்கும்!"

குனிந்து பார்த்தாள். "போர்டுல அம்மாம் பெருசா வரைஞ்சீங்களே?"

"எல்லாருக்கும் தெரியணும்னு பெருசா போட்டுட்டேன். அது உள்ளங்கையில அடங்கிடும். உன்னைக் காத்து தாங்காது, எறங்கிடு கண்ணு."

தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு பல்லால் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். குதித்துவிடுவாளோ என்ற பயம் போய், வழுக்கிவிடுவாளோ என்ற பயம் வந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் கிளை ஆடியது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன், பெயர் தெரியாத அந்த மலைச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

அவள் இறங்கியதும் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். எங்காவது அடிபட்டதா என்றாவது கேட்டிருக்க வேண்டும். என் வாயில் முதலில் வந்தது, "எச்.எம். கிட்ட சொல்லிடாத" என்பதுதான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் போர்வையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"சொல்ல மாட்டேன் டீச்சர். நீங்க பயப்படாதீங்க."