தோசைத் திருப்பியில் ஆடிய கிரிக்கெட்

கையெழுத்துப் போடப் பழகும் வரைதான் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மற்றதெல்லாம் அடுப்படியில் கற்றது. மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஒற்றை அடுப்போடு தொடங்கிய என் சாப்பாட்டுக் கடைக்குப் பிற்பாடு கிள்ளானிலும் ஒரு கிளை வந்தது என்றால், அது யார் தயவிலும் வந்ததல்ல. ஒரு காலைப்பொழுதை மட்டும் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அது ஒரு பையனுக்குச் சேர வேண்டியது.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவன். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான அக்காள் கணவர் வீட்டில் தங்கி, இங்கே ஓர் இங்கிலீஷ் பள்ளியில் ஒரு தவணை படித்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. மலாயாவில் படித்தவன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா! காலைப் பலகாரம் தினமும் என் கடையில்தான்.

இந்த ஊரில் அவன் எதைப் பார்த்தான் என்று கேட்டால், என் கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைத்தான் என்பேன். பத்துமலைக் கோயிலுக்குப் போய்வந்தவனிடம், "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னைத்தான் பாத்தவை, அண்ணை" என்றான்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக் கிரிக்கெட்டில் நன்றாக அடித்துவிட்டானாம். திங்கட்கிழமை கடைக்கு வந்து, "வெள்ளைக்காரற்றை கிளப்பிலை இருந்து ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவினம், இருந்து பாருங்கோ" என்றான்.

"கவர்னரே வருவாரு தம்பி. அதுக்குள்ள மீசைய முளைக்க வச்சுக்க" என்றார் ரயில்வே ஃபிட்டர் ஒருவர். கடையே சிரித்தது. பையன் கோபப்படவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அது என் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வாரம். சுகாதார அதிகாரி பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பக்கத்துத் தெருவில் ஒரு கடை அப்படித்தான் மூடிக் கிடந்தது. புதன்கிழமை வருவார் என்றிருந்தார்கள். மனிதர் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். முந்தின நாள் மழையில் ரோட்டுச் சாக்கடை எதிர்த்து ஏறி, என் பின்கட்டு முழுக்கச் சேறு. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் எச்சில் இலைகள் மிதந்தன. வாசலில் துரையின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பையன் எழுந்தான். கிளப்பிலிருந்து தன்னைத்தான் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். நாங்களெல்லாம் வெள்ளைக்காரரைக் கண்டால் எழுந்து ஒதுங்கி நிற்பவர்கள். இவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். "அண்ணை, துரைக்கு ஒரு தேத்தண்ணி!" என்று எனக்கே உத்தரவு போட்டான். பிறகு இங்கிலீஷில் ஆரம்பித்தான் பாருங்கள், அதிகாரி வாய் திறக்கவே வழியில்லை. என் கையிலிருந்த தோசைத் திருப்பியைப் பிடுங்கி, சனிக்கிழமை எந்தப் பந்தை எப்படி அடித்தான் என்று ஆடிக் காட்டத் தொடங்கினான்.

எனக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் நேரம் தெரியும். தேநீரை வைத்துவிட்டு ஒரே பாய்ச்சலில் பின்கட்டுக்குப் போனேன். நானும் என் மனைவியும் வாளி வாளியாகச் சேற்றை அள்ளினோம்.

"என்னங்க, இன்னுமா பேசறான்?"

"பேசறான், பேசறான். நீ அள்ளு."

ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். அதிகாரி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தோசைத் திருப்பியைத் தானே வாங்கி, அப்படிப் பிடிக்கக் கூடாது, இப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்கட்டுக்கு வந்தபோது தரை கழுவி, சுண்ணாம்பும் தூவியாகிவிட்டது. "பாகுஸ்" என்றார். நன்றாயிருக்கிறது என்று அவர் மலாயில் சொன்ன அந்த ஒரு சொல்லில் என் அடுப்பு பிழைத்தது.

அவர் போனதும் பையன், "நான் சொன்னனான்தானே! கிளப்பைப் பற்றிச் சொல்ல அவர் வாயெடுத்தவர், நான்தான் இடம் குடுக்கேல்லை" என்றான். ஃபிட்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அவர் இலையில் இன்னொரு வடையைப் போட்டு அடைத்தேன்.

அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். நான் அதை மூலதனம் என்பேன். தன்னைப் பெரிதாக நினைக்காதவன் ஒற்றை அடுப்போடு கடை வைப்பானா? அவ்வளவு மூலதனத்தை அந்த வயதில் நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, என்னைத் தவிர.

தவணை முடிந்து போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பலேறினான். வழியனுப்பப் போயிருந்தேன். "கிளப்புக்காரர் வந்தா, நான் ஊருக்குப் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை. பாவம், தேடுவினம்" என்றான்.

மறுவருடம் அதே அதிகாரி வந்தார். நான் பின்கட்டில் புதிதாகச் சிமெண்ட் வாய்க்கால் கட்டி, அதைக் காட்டத் தயாராக நின்றேன். அவர் உள்ளே வந்ததும் பார்த்தது, பையன் அன்றைக்கு இழுத்துப் போட்ட நாற்காலியை.

"ஓயாமல் பேசுவானே, அந்தப் பையன் எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"ஊருக்குப் போய்விட்டான், துவான்" என்றேன், அவன் சொல்லச் சொன்னபடியே.

முகம் சற்று வாடிவிட்டது அவருக்கு. கல்லருகே கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து ஒரு வீச்சு வீசிவிட்டு வைத்தார். சிமெண்ட் வாய்க்காலைப் பார்க்க நான்தான் அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.