எய்ஜி மோந்து பார்த்த மீன்

கருகல் வாடை முதலில் எட்டியது கிக்குயேவுக்குத்தான். சுஷிக்கடையின் பரிமாறும் மேடையில் கடைசி இருக்கை சமையலறைத் திரையை ஒட்டியது. தம்பி கடை போட்ட நாளிலிருந்து வெள்ளிக்கிழமை மாலைகளில் அது அவளுடைய இடம். அவள் எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். விலாங்கு வெந்த சாறு முழுக்க வற்றி, பாத்திரத்தின் அடி தார் போலக் கறுத்திருந்தது.

திரும்பி வந்தபோது சலவைக்கடை ஒக்காபேயின் மனைவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். மேடைக்கு அந்தப் பக்கம் தம்பி எய்ஜி மட்டும் நிதானமாகச் சுஷிக்குச் சோற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடுப்பை அணைச்சிட்டேன்" என்றாள் கிக்குயே.

"ஏங்க்கா?"

 அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு கைக்குட்டையைப் பார்த்தான். காது மடல் சிவந்தது. "ஆமாமா, நானே அணைக்கணும்னுதான் இருந்தேன்" என்று குனிந்துகொண்டான்.

 போன மாதம் அவனுக்குக் கடுமையான காய்ச்சல். கஞ்சி கொண்டுபோனபோது, "எல்லாம் சரியாப் போச்சுக்கா" என்றான். எல்லாம் சரியாகவில்லை என்று கிக்குயேவுக்கு இப்போது தெரிந்தது.

இருவருக்கும் நடுநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. அவள் தையல் பட்டறையில் பொத்தான் சரிபார்க்கிற வேலைக்குப் போனாள். அவன் ஒரு சுஷிக்கடையில் பாத்திரம் கழுவப் போனான். மனைவி இறந்த பிறகும் ஒற்றை ஆளாக இந்தக் கடையை நடத்துகிறான். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களிடம்கூட, "நிறுத்தத்துக்குப் பின்னாடி இருக்கிற சுஷிக்கடை என் தம்பியோடதுங்க. இதுவரைக்கும் அங்க சாப்பிட்டு ஒருத்தருக்கும் வயிறு கெட்டதில்ல" என்று கிக்குயே சொல்லிவிடுவாள்.

"மாஸ்டர், கானாங்கெளுத்தி ஒண்ணு போடுங்க" என்றார் நுமாதா. பாய் தைக்கிறவர், எய்ஜியின் பழைய வாடிக்கை. போன கோடையில்தான் அவருடைய இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். "டாக்டர் பச்சை மீன் கூடாதுங்கிறாரு. உங்க மீன்னு சொன்னா அவரும் கூடவே வந்துடுவாரு."

எய்ஜியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு உப்பிலும் வினிகரிலும் ஊறிய மீன் துண்டைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்தது. கத்தி வைக்கும் முன் மீனை மூக்குக்குக் கொண்டுபோவது அவன் வழக்கம். இன்றும் கொண்டுபோனான். வழக்கமாக நிற்கிற நேரம் நின்றான். வழக்கம்போலத் தலையாட்டினான்.

அந்தப் பொய் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

கிக்குயே தேநீர்க் கோப்பையை இறுகப் பிடித்தாள். அந்த மேடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மீன் நல்லாயிருக்கா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது கடைக்காரன் முகத்தில் துப்புவதற்குச் சமம். வைத்ததை வைத்தவுடன் எடுத்து வாயில் போட வேண்டியதுதான். சொந்த அக்காவே கேட்டாள் என்றால் நாளைக்குத் தெரு முழுக்க அதுதான் பேச்சு. கேட்காவிட்டால், பாதி இரைப்பையோடு ஒரு மனிதர்.

எய்ஜி துண்டை நறுக்கி, சோற்றின் மேல் அழுத்தி, நுமாதாவின் முன்னால் வைத்தான். அவர் விரல்கள் நீண்டன.

கிக்குயே எட்டி அதை எடுத்துவிட்டாள்.

 அடுத்தவர் முன் வைத்ததை எடுப்பது குழந்தைகள்கூடச் செய்யாத காரியம். அவள் மோந்து பார்த்தாள், வாயில் போட்டாள், மென்றாள்.

"ஏங்க்கா, பசிச்சா வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? இப்படியா பறிப்பாங்க!" நுமாதா சிரித்தார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மீன் நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.  "ஆனா அது உனக்குத் தெரியாது, எய்ஜி."

எய்ஜி கத்தியைத் துடைத்துப் படுக்க வைத்தான். 

"காய்ச்சல் போயிடுச்சு. மூக்கு இன்னும் திரும்பல" என்றான். "கண்ணால பார்த்து, விரலால அமுக்கிப் பார்த்து சமாளிச்சிடலாம்னு நெனச்சேன்."

நுமாதாவின் சிரிப்பு போய்விட்டது. "தெரிஞ்சுதானா என் முன்னால வச்சீங்க? நான் வயித்துல பாதியைக் குடுத்துட்டு வந்தவன்யா!"

எய்ஜி தலை வெட்டுப் பலகையில் படுமளவு குனிந்தான். நிமிரவே இல்லை. ஒக்காபே தம்பதி சாப்பிட்டதற்கான பணத்தை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார்கள். கதவு இழுபட்டு மூடிய பிறகுதான் அவன் நிமிர்ந்தான். பெட்டியிலிருந்த கானாங்கெளுத்தித் தட்டை அப்படியே தூக்கி வந்து அக்காவின் முன்னால் வைத்தான்.

"எல்லாத்தையும் பாருங்க."

கிக்குயே ஒவ்வொன்றாக எடுத்து மோந்தாள். பொத்தான் பார்த்த காலத்து அவசரமின்மை. ஒன்று சரி. அடுத்ததும் சரி. தட்டின் ஓரத்திலிருந்த கடைசித் துண்டில் வினிகருக்கு அடியிலிருந்து ஒரு வாடை எழும்பியது. அவள் தலை தானாகத் திரும்பிக்கொண்டது.

"இது வேண்டாம்ப்பா."

அவன் வாதாடவில்லை. நல்லது கெட்டது பிரிக்காமல் மொத்தக் கானாங்கெளுத்தியையும் குப்பையில் கொட்டினான். சுவரில் மீன்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கின. இன்று இல்லை என்பதற்கு அடையாளமாக, அவற்றில் கானாங்கெளுத்தியைத் திருப்பி மாட்டினான். பிறகு சிப்பியை, மத்தியை, கருகிப்போன விலாங்கை. ஒவ்வொரு பலகையும் வெறும் முதுகைக் காட்டியது.

நுமாதா மேல்சட்டையில் ஒரு கையை நுழைத்தபடி பாதி எழுந்து நின்றிருந்தார்.

"அப்ப என்னதான்யா மிச்சம்?"

"வெள்ளரிக்காய் இருக்குங்க."

நுமாதா அவனை முறைத்தார், கிக்குயேவை முறைத்தார், மறு கையை நுழைக்காமலே உட்கார்ந்தார். "சுருட்டுங்க. அதையும் அக்கா மோந்து பார்த்தப்புறம் குடுங்க."

எய்ஜி கடற்பாசித் தாளை விரித்தான். 

"நாளைக்கு மீன் மார்க்கெட்டுக்கு நானும் வரேன்" என்றாள் கிக்குயே.

"இருட்டோட கிளம்பணும்க்கா."

"என்னைக்காவது எனக்கு முன்னால நீ எந்திரிச்சிருக்கியாடா?"