வேர் இல்லாத காளான்

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளைத் தெருவில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். அவ்வளவு பிடிவாதம். தாடிக்கொம்புப் பக்கம் ஐப்பசியில் இடி இடித்து மழை பெய்தால், மறுநாள் விடிந்ததும் காளான் பிடுங்கப் புற்றடிக்குப் போய்விடுவாள். ஆனால் அடுத்தவர் பறித்ததைத் தொடமாட்டாள். சாப்பிடுகிற புற்றுக்காளானுக்குக் கரையான் புற்றுக்குள் நீளமாக வேர் ஓடும்; அதைக் கண்ணால் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்பாள்.

போன வருஷம் மகள் பவித்ராவையும் மாப்பிள்ளை விக்னேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மாள் பேச்சாயி நிலக்கோட்டையிலிருந்து வந்தாள். பை நிறையக் காளான். கருப்பம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பேச்சாயியே குழம்பு வைத்துவிட்டாள். வாசனை பிடித்துக்கொண்டு நானும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்.

கருப்பம்மாள் உள்ளே நுழையும்போது மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வேர் எங்கே என்று கேட்டாள். ஒரே மண்ணாக இருந்ததால் காட்டிலேயே நறுக்கிப் போட்டுவிட்டேன் என்றாள் பேச்சாயி. விஷம் இருந்தால் நிறம் மாறிவிடுமாம்; மஞ்சளும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்தும் மாறவில்லையாம், அப்புறம் என்ன பயமாம்.

மாப்பிள்ளையின் கை வாய்க்குப் போனது. கருப்பம்மாள் தட்டைப் பிடுங்கிவிட்டாள்.

சாப்பிட உட்கார்ந்த மாப்பிள்ளையிடமிருந்து தட்டைப் பிடுங்குவதா? பவித்ரா அழுதேவிட்டாள்.

“எம் மகனுக்கு நானே வெசம் வைப்பேன்னு சொல்றீகளா, மதினி?” என்றாள் பேச்சாயி.

“நீங்க வைக்க மாட்டீக. மஞ்சளுக்கு வெசம் தெரியாது. அம்புட்டுத்தேன்.”

சட்டியைத் தூக்கிப்போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினாள். பேச்சாயி தண்ணீர்கூடக் குடிக்காமல் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அதன்பின் பவித்ராவின் போனும் நின்றுபோனது. நல்ல காளானாகவே இருந்திருக்கும், மகள் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாயே என்று திட்டினேன். இருந்திருக்கும் என்று கருப்பம்மாளும் ஒப்புக்கொண்டாள். பிறகு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இந்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். பேச்சாயி, கழுவாத காளானை மண்ணும் வேருமாக வாசலில் கொட்டினாள்.

“பாத்துச் சொல்லுங்க, மதினி.”

இருவரும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றுக்கு மட்டும் வேர் இல்லை. பேச்சாயியே அதை எடுத்துத் தூர எறிந்தாள்.

இந்த முறை மாப்பிள்ளை கையில் தட்டைக் கொடுத்தவள் கருப்பம்மாள்.