கொக்கோ வாடை

அஜிட்டேஷன் என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எழுந்து உள்ளே போய்விடத் தோன்றும்.

முதலில் அதைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் வாயில்தான் கேட்டேன். மாத்தளைக்குப் பக்கத்தில், ரப்பரும் கொக்கோவும் போட்ட தோட்டம். நாளையிலிருந்து யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது, இது அஜிட்டேஷன் என்று கோயிலடிக் கூட்டத்தில் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் திருவிழா அறிவித்த மாதிரி இருந்தது. ஆண்கள் எல்லோரும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். என் வீட்டுக்காரரும் செய்தார்.

அவருக்குக் கொக்கோ ஸ்டோரில் வேலை. காயை உடைத்து, கொட்டையைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை மூடிப் புளிக்க வைப்பார்கள். இடையில் கிளறிவிடாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஸ்டிரைக் தொடங்கியபோது பெட்டிகள் நிறைந்திருந்தன. ஸ்டோரை மேற்பார்க்கிற கண்டக்டர் இவரை ரோட்டில் மறித்து, "ஒங்களுக்கு மட்டுமாடா அஜிட்டேஷன்? கொட்டைக்கும் அதுதான் வேணும், கிளறாட்டி அழுகிப் போகும்" என்று சிரித்தாராம். அதற்குமேல் இவரால் சும்மா இருக்க முடியவில்லை. பேர் பதியவில்லை, சம்பளம் இல்லை, வெறுமனே கிளறிவிட்டால் சத்தியம் கெடாது என்று தானாகவே நினைத்துக்கொண்டு விடியுமுன் போய்க் கிளறிவிட்டு வந்தார். என்னிடமும் சொல்லவில்லை.

நான் அவர் சட்டையை, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குத் துவைக்கக் கொண்டுபோனேன். தண்ணீர் பட்டதும் காடி மாதிரி புளிச்ச வாடை எழும்பியது. அது என்ன வாடை என்று பீலியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரியும். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. யாரும் ஏசவில்லை. ஒவ்வொருத்தியாக வாளியைத் தள்ளி வைத்துக்கொண்டாள். நான் வயிற்றுப்பிள்ளைக்காரி. என் பிரசவத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்த எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்கா மட்டும் வாயைத் திறந்தது.

"சட்டைய அலசுனா போயிருமா புள்ள?"

பாதி துவைத்த சட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தலைவர் அவரைக் கோயிலடிக்குக் கூப்பிட்டுப் பத்துப் பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தார். "கொட்டை அழுகுதுன்னு பாத்தியே, நம்ம புள்ளைங்க வயிறு காயுறது தெரியலையா?" என்று யாரோ கேட்டார்கள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நின்றவள் கொஞ்சம் விலகி நின்றாள், என்னை மறைக்காமல்.

பிறகு லயத்தில் எங்களோடு பேச்சில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று, சோறும் இறங்கவில்லை. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று தோட்டத்து டிஸ்பென்சரி மருந்துக்கார ஐயாவிடம் போனேன். நாடி பார்த்துவிட்டு அவரும் அஜிட்டேஷன் என்று அதே சொல்லைத்தான் சொன்னார். கதை இங்கேயும் வந்துவிட்டதா என்று எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. மனசு கலங்கியிருக்கிறது, அவ்வளவுதான், பிள்ளை நல்லா இருக்கு என்று பிறகு விளக்கினார். மருந்து வாங்காமலே வந்தேன்.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். வலி வந்தால் அக்கா வருமா?

ஸ்டிரைக் முடிந்து எல்லோரும் வேலைக்கு இறங்கினார்கள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஒரு மழைப் பகலில் எனக்கு வலி கண்டது. இவர் போய் அக்கா வாசலில் நின்றாராம், கூப்பிட வாய் வரவில்லையாம். அக்கா அவரைத் தாண்டி நேரே எங்கள் காம்பராவுக்கு வந்தது. வெந்நீர் வைத்தது, கொடி அறுத்தது, பிள்ளையைக் குளிப்பாட்டியது, என்னையும் துடைத்துவிட்டது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எல்லாம் முடிந்து கை கழுவியபோது இவர் டின்பால் ஊற்றித் தேத்தண்ணி நீட்டினார்.

"வைங்க," என்றது அக்கா. என்னைப் பார்த்து, "புள்ளைக்குப் பால் குடு" என்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனது.

தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவரும் எடுத்துக் குடிக்கவில்லை, நானும் கொட்டச் சொல்லவில்லை. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.